கண்வலி விதையும் கோல்சிசின் மாத்திரையும்: தோட்டத்தில் விளைவதை வீட்டிலேயே மருந்தாக்கிக் கொள்ளலாமா?

அமராவதிக்கரை (தாராபுரம்) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடையிலுள்ள எங்கள் தோட்டத்தில் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், பயிரிட்டு வருகிறோம். ஆடியில் நட்டு, தை மாசியில் காய் பறித்து, விதையை உலர்த்தி வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுப்பதோடு எங்கள் பங்கு முடிந்துவிடும். அந்த விதை மருந்துக்குப் போகிறது என்பது தெரியும். எந்த நோய்க்கான எந்த மருந்துக்கு என்று வீட்டில் ஒருவரும் விசாரித்ததில்லை.

அண்மையில் என் அப்பாருவுக்குக் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி வந்தது. இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருப்பதாகவும், இது கவுட் என்னும் மூட்டுநோய் என்றும் சொல்லி, மருத்துவர் கோல்சிசின் 0.5 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டையிலிருந்த பெயரைப் பார்த்த என் தம்பி, நம் விதையிலிருந்து எடுக்கும் பொருளும் இதுவேதான் என்று கண்டுபிடித்துச் சொன்னான். அன்று முதல் வீட்டில் ஒரே விவாதம். மூட்டை மூட்டையாக விதை கிடக்கும்போது மாத்திரை எதற்கு, ஒரு சிட்டிகை பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால் போதாதா என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்கிறார். அப்பாருவும் அதற்கு இசைந்துவிட்டார். செடியிலிருந்து வருவது கெடுதல் செய்யாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

அவர் ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் கொழுப்புக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். இவை தவிர, மிளகுச் சத்துச் சேர்த்த மஞ்சள் கேப்சூலும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் சில பொடிகளும் உண்டு. மூலப்பொருள் ஒன்றாக இருக்கும்போது மாத்திரை நல்லது, விதை ஆகாது என்பதற்கு என்ன காரணம்? நம் பக்கத்து மூலிகைகளில் எதை நம்பி உண்ணலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?


மருந்தியல் ஆசிரியர் (கோவை)

தாராபுரத்து அன்பருக்கு வணக்கம். கொடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அது நல்லதாயிற்று. விதையை ஒரு சிட்டிகைகூடக் கொடுக்கக் கூடாது. அதில் மருந்து இருக்கிறது. தேவைக்குப் பல மடங்கு இருக்கிறது. எத்தனை மடங்கு என்பது விதைக்கு விதை மாறுகிறது.

கணக்கைப் பார்த்தால் அப்பாருவுக்கே விளங்கும். செங்காந்தள் விதையில் கோல்சிசின் ஏறத்தாழ நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை இருக்கும். நடுவாக 0.7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் விதையில் 7 மில்லிகிராம் இருக்கும்; அது அவருடைய மாத்திரையில் 14-க்குச் சமம். 7 மில்லிகிராம் உடலில் சேர்ந்தே மரணம் நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஒரு கிராம் விதை என்பது பெரியவர் சொல்லும் 'ஒரு சிட்டிகை'க்கு வெகுதூரம் இல்லை. மேலும், மண், மழை, காய் முற்றிய பருவம், உலர்த்திய முறை என எல்லாவற்றையும் பொறுத்து இந்த அளவு மாறும். ஒரே கொடியின் இரண்டு காய்களிலும் ஒரே அளவு இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மாத்திரையில் 0.5 என்றால் 0.5 மட்டுமே, ஆலை, பிரித்தெடுப்பு, சோதனை என்று நடக்கும் வேலை அத்தனையும் அந்த உறுதிக்காகத்தான்.

இந்தப் பொருள் உடலில் செய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நம் உயிரணுக்களுக்குள் நுண்குழல்கள் என்னும் மெல்லிய சாரங்கள் உண்டு. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கும், வெள்ளை அணுக்கள் இடம்விட்டு இடம் நகர்வதற்கும் அவை தேவை. கோல்சிசின் அந்தச் சாரம் கட்டப்படுவதைத் தடுக்கிறது. கவுட் நோயில் யூரிக் அமில உப்பு மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிய, அதைத் தாக்க வெள்ளை அணுக்கள் படையெடுப்பதால்தான் சிவப்பும் வீக்கமும் வலியும் உண்டாகின்றன. சிறிதளவு கோல்சிசின் அந்தப் படையெடுப்பை அடக்குகிறது. அளவு மீறினால் அதே வேலையைக் குடலிலும் எலும்பு மச்சையிலும் செய்கிறது. அங்கே அணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு சற்றுத் தேறியதுபோலத் தோன்றி, இரண்டாம் மூன்றாம் நாளில் இரத்த அணுக்கள் குறைந்து, சிறுநீரகமும் இதயமும் தளரும். பிழைத்தவர்களுக்குச் சில வாரங்களில் தலைமுடி கொட்டும். கடையில் வாங்கக்கூடிய மாற்று மருந்து இதற்குக் கிடையாது. எங்கேனும் யாரேனும் உண்டுவிட்டால், வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் இருத்திக்கொள்ளாமல், 108-ஐ அழைத்து, உண்ட பொருளையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கவுட் நோய்க்கு இந்தப் பொருளைத் தந்த முதல் செடி செங்காந்தள் அன்று. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளரும் கோல்சிகம் என்னும் பூண்டு. கிரேக்க மருத்துவர்கள் அதன் கிழங்கைப் பழங்காலத்திலேயே பயன்படுத்தினார்கள். அது நஞ்சு என்பதையும் அறிந்திருந்தார்கள். 1820-இல் பெல்லத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதன் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில், அதே இருவர்தாம் சின்கோனாப் பட்டையிலிருந்து குயினைனையும் பிரித்தார்கள். மலைக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, பட்டைப் பொடியைக் கரைத்துக் குடித்த காலத்தில், ஒருவருடைய பொடி கேட்கும், இன்னொருவருடையது கேட்காது. பிரித்தெடுத்த பிறகுதான் இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு பலன் என்று சொல்ல முடிந்தது. 1860-க்குப் பின் நீலகிரியில் வளர்த்த சின்கோனா பின்னர் ஆனைமலைக்கும் வந்தது. வால்பாறைக்கு அருகே சின்கோனா என்ற பெயரிலேயே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது.

செடி ஏன் இப்படிப்பட்ட பொருள்களை ஆக்குகிறது என்பதையும் அப்பாருவிடம் கேளுங்கள். நமக்கு மருந்தளிப்பது அதன் நோக்கம் அன்று. ஓட முடியாத உயிர், தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் ஆட்டையும் பூஞ்சையையும் விரட்டவே கசப்பையும் நஞ்சையும் சேர்த்து வைக்கிறது. மருந்தாகும் பொருள்களில் பெரும்பாலானவை அந்தக் கிடங்கிலிருந்து வந்தவையே. ஆதலால் 'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்ற வாதம் அடிப்படையிலேயே நிற்காது.

அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. கோல்சிசின் உடலிலிருந்து வெளியேற உதவும் கல்லீரல் நொதியையும், மருந்தை உயிரணுக்களிலிருந்து வெளியே தள்ளும் 'கடத்தி' என்னும் புரதத்தையும் சில மருந்துகள் மந்தப்படுத்தும். அப்போது மாத்திரையின் அளவே உடலில் மிகுந்துவிடும். கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் வெராபமில், டில்டியாசெம் ஆகியவையும் அவ்வகை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோடு சேரும்போது தசை பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இவை எல்லாமே இன்னும் கூர்மையாகும். மிளகின் பைப்பரினும் அதே நொதியையும் கடத்தியையும் தடுப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளதால், அந்த மஞ்சள் கேப்சூலைப் பற்றியும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரைப் பெருக்கும் வகையைச் சேர்ந்த சில அழுத்த மாத்திரைகள் யூரிக் அமிலத்தையே கூட்டும் என்பதால், அவருடைய மாத்திரை எது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈரலும் குடல் கறியும் கள்ளும் சாராயமும் தள்ளி வைக்க வேண்டியவை என்பதை மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.


மூலனூர் வெள்ளாமைக்காரர்

ஆசிரியர் எழுதியதற்கு மேல் மருந்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பயிரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

இந்தப் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து நிற்பதால், பூவின் மகரந்தம் தானாக அதன்மேல் விழுவது அரிது. ஆகவே காலை நேரத்தில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தத்தைச் சேர்த்தால்தான் காய் நிறையப் பிடிக்கும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொடி படர்வதற்குக் கிளுவைக் குச்சியை நட்டு வைக்கிறோம். செடி முழுவதும், அதிலும் கிழங்கும் விதையும், நஞ்சு என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வேலைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அது தெரிவதில்லை. கிழங்கை வெட்டி நடும்போது கையுறை போடச் சொல்வதும், வேலை முடிந்தவுடன் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுச் சோற்றில் கைவைக்கச் சொல்வதும் தோட்டக்காரரின் பொறுப்பு. நடவுக்கு எடுத்து வைத்த கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இலங்கையில் இந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று எண்ணிச் சமைத்து உண்டு இறந்தவர்கள் உண்டு. விதையை வீட்டுத் திண்ணையில் காய வைப்பதையும், ஆடு மாடு மேயும் இடத்தில் கழிவுக் கொடியைக் கொட்டுவதையும் நிறுத்துங்கள்.

அப்பாருவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். விதை விலையை முடிவு செய்வது நாம் அல்ல, வாங்குகிறவர்கள். ஒரு பருவத்தில் ஏறும், அடுத்த பருவத்தில் படுக்கும். அந்த வருத்தத்தில் 'அவன் மருந்தாக்கி விற்கிறானே, நாமே அரைத்துத் தின்றால் என்ன' என்ற பேச்சு டீக்கடையில் அடிக்கடி எழுவதுண்டு. வருத்தம் நியாயமானது. அதற்கு வழி கூட்டாகச் சேர்ந்து விற்பதும், விதையின் சத்தைச் சோதித்து அதற்கேற்ப விலை கேட்பதும்தான்.


சித்த மருத்துவர் (பவானி)

மருந்தியல் ஆசிரியரின் எச்சரிக்கை முற்றிலும் சரி. சித்த மருத்துவத்திலும் கலப்பைக் கிழங்கு என்னும் இந்தச் செங்காந்தள் நஞ்சுப் பொருளாகவே எண்ணப்படுகிறது. சுத்தி, அதாவது நஞ்சைத் தணிக்கும் பக்குவம், செய்யாமல் அதை மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது விதி. இந்திய மருந்துச் சட்ட விதிகளின் ஈ-1 அட்டவணையில், எட்டி, சேராங்கொட்டை, ஊமத்தை, குன்றிமணி போன்றவற்றோடு இதுவும் இடம்பெற்றிருக்கிறது. இவை சேர்ந்த உள்மருந்தின் மேலுறையில், மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். சுத்தி முறையை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே ஒருவர் வீட்டில் செய்து பார்ப்பார்.

ஆயினும் ஒரு கருத்தில் நான் வேறுபடுகிறேன். செடியிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்தால்தான் அது மருந்து, மற்றவை எல்லாம் நம்பிக்கை என்ற எண்ணம் வாசகர்களிடம் தங்கிவிடக் கூடாது. எதைத் தேடுவது, எப்படிப் பக்குவம் செய்வது என்பதைப் பழைய ஏடுகளே பலமுறை காட்டியிருக்கின்றன. சீனத்தின் தூ யூயூ, மலேரியாவுக்கு ஒரு செடியை ஆராய்ந்தபோது, கொதிக்க வைத்த சாற்றில் பலன் நிலைக்கவில்லை. பழைய சீன மருத்துவ நூல் ஒன்று, செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி சொல்வதைக் கண்டு, வெப்பம் அதன் வீரியத்தைக் கெடுக்கிறது என்று உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார். அப்படிக் கிடைத்த ஆர்ட்டெமிசினினுக்காக 2015-இல் நோபல் பரிசு பெற்றார். குடிநீர், ஊறல், சூரணம், நெய் என்று நாம் வகை பிரித்து வைத்திருப்பதிலும் இப்படிப்பட்ட காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே ஒழிய, சோதிக்காமல் தள்ளக் கூடாது.

சோதித்தால் சாதகமாகவே முடியும் என்றும் நான் சொல்லவில்லை. கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்து மோரில் கொடுக்காத ஊர் கொங்கு நாட்டில் இல்லை. சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் ஹெப்பட்டைட்டிஸ் பி வைரசைச் சுமந்திருந்தவர்களுக்கு அதைக் கொடுத்து ஆராய்ந்து, 1988-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்திலிருந்து அந்த வைரசின் அடையாளப் பொருள் மறைந்திருந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. இனம் மாறியதா, விளைந்த மண் மாறியதா, முதல் ஆய்வே தற்செயலா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. காமாலை என்று வருகிறவரிடம் நான் முதலில் இரத்தப் பரிசோதனைதான் கேட்கிறேன். ஹெப்பட்டைட்டிஸ் ஏ தானாகவே ஆறிவிடும். அங்கே கீழாநெல்லிக்குக் கிடைக்கும் புகழில் பெரும்பகுதி உடலுக்கு உரியது. பித்தக்குழாய் அடைப்பாலோ ஹெப்பட்டைட்டிஸ் பி-யாலோ வரும் காமாலையில் மூலிகையை நம்பி நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.


சென்னிமலை வாசகி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் மானாவாரிக் காட்டில் ஆடுதின்னாப்பாளை தானாகவே முளைத்துக் கிடக்கிறது. குழந்தைகளுக்கு வயிற்றில் பூச்சி என்றால் அம்மாயி அதன் இலைச் சாற்றைக் கொடுப்பார். வண்டுக்கடி, அரிப்பு என்று பெரியவர்களும் உண்பதுண்டு. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்த மருந்து, ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்கிறார். இதைத் தொடரலாமா?


மருந்தியல் ஆசிரியர் (கோவை)

சென்னிமலைச் சகோதரிக்கு: உள்ளுக்குக் கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்தத் திரியில் வந்த செடிகளில் செங்காந்தளைவிட நான் அஞ்சுவது இதைத்தான்.

ஆடுதின்னாப்பாளையிலும், அதன் உறவான ஈசுவரமூலி என்னும் பெருமருந்துக் கொடியிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. இது சிறுநீரகத்தை மெல்ல மெல்லச் சுருங்கச் செய்யும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்க மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் சேர வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி கலந்துவிட்டதே காரணம் என்று பின்னர் தெரிந்தது; சில ஆண்டுகள் கழித்து அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதைப் புற்றும் கண்டது. பால்கன் நாடுகளின் சில ஊர்களில் மட்டும் பரம்பரைபோலத் தொடர்ந்த சிறுநீரக நோய்க்கும், கோதுமை வயலில் களையாக வளர்ந்த இதே குடும்பத்துச் செடியின் விதை மாவில் கலந்ததுதான் காரணம் என்று பின்னாளில் கண்டார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது.

உங்கள் அம்மாயி பொய் சொல்லவில்லை. சாறு குடித்த குழந்தை மறுநாள் விளையாடியதைத்தான் அவர் பார்த்திருப்பார். பல ஆண்டுகள் கழித்து ஒருவருக்குச் சிறுநீரகம் சுருங்கினால், அதைச் சிறு வயதில் குடித்த சாற்றோடு இணைத்துப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. உடனே தெரியும் நன்மையையும் உடனே தெரியும் தீமையையும் அனுபவம் நன்றாகவே கற்றுத் தரும். அதனால்தான் செங்காந்தளை நஞ்சு என்று நம் முன்னோர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள். மெதுவாக வரும் தீமையைக் கண்டறிவது அனுபவத்தால் ஆகாது. பல பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுக்கும் ஆய்வு வேண்டும். பவானி மருத்துவரின் கருத்தோடு நான் உடன்படும் இடமும், வேறுபடும் இடமும் இதுவே. குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்கு அல்பெண்டசோல் மாத்திரையைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

அவர் சொன்ன ஏடுகள் பற்றிய கருத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு நானும் தருகிறேன். நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்குக் குடிநீராக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் ஆகியோர் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வியப்பிலிருந்து பிறந்தவைதாம் இரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் தரப்படும் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் ஆகிய மருந்துகள். நாட்டு வழக்கம் செடியைச் சரியாகச் சுட்டியது, நோயைத் தவறாகச் சுட்டியது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை தேவைப்படும் அளவுக்கு அந்தப் பொருள் செடியில் அருகியே இருக்கிறது. ஆகவே வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணியின் இலையை மென்றால் புற்றுநோய் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை யாரும் நம்ப வேண்டாம்.


சித்த மருத்துவர் (பவானி)

ஆடுதின்னாப்பாளை பற்றிய விடையை ஏற்கிறேன். உள்ளுக்கு நானும் கொடுப்பதில்லை.


மஞ்சள் மண்டி (ஈரோடு)

கேள்வியில் மஞ்சள் கேப்சூல் வந்ததால் எழுதுகிறேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, மண்டிக்கு வரும் வெளியூர் வியாபாரிகள் விரலியா, கிழங்கா என்பதற்கு முன்பே குர்க்குமின் எவ்வளவு என்று கேட்கிறார்கள். நம் மஞ்சளில் பொதுவாக நூற்றுக்கு இரண்டரை முதல் நாலரை வரை இருக்கும். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் என்று கொள்ளலாம். அதிலும் குடல் வழியாக இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். சேர்ந்ததையும் கல்லீரல் விரைவிலேயே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. 1998-இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. கேப்சூல் விளம்பரங்கள் எல்லாம் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவை. இல்லாத அளவுக்குச் சிறிதான ஒன்றின் 20 மடங்கு எவ்வளவு என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

பைப்பரின் செய்வது குர்க்குமினுக்கு மட்டும் கதவைத் திறப்பது அன்று. ப்ரோப்ரனோலால் என்னும் இரத்த அழுத்த மாத்திரையின் அளவும் பைப்பரினால் இரத்தத்தில் கூடியதை மனிதர்களிடம் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. அண்மைக் காலத்தில், பைப்பரின் சேர்த்த மஞ்சள் கேப்சூல்களைத் தொடர்ந்து உண்டவர்களிடம் கல்லீரல் அழற்சி கண்டதாகப் பல நாடுகளிலிருந்து செய்திகள் வந்துள்ளன. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் இரவில் குடிக்கும் மஞ்சள் பாலுக்கும் இந்தக் கவலை வேண்டியதில்லை.

அமெரிக்காவில் புண் ஆற்றும் மஞ்சளுக்கு 1995-இல் கொடுத்த காப்புரிமையை, பழைய ஏடுகளைச் சான்றாகக் காட்டி நம் அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் 1997-இல் நீக்க வைத்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த வழக்கில் வென்றது அறிவு யாருக்கு உரியது என்ற கேள்வி மட்டுமே. மஞ்சள் எந்த நோயைத் தீர்க்கும் என்பது அங்கே விசாரணைக்கே வரவில்லை. மண்டியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கு நட்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.


அமராவதிக்கரை (தாராபுரம்)

அனைவருக்கும் நன்றி. இந்த விடைகளை அச்செடுத்து அப்பாருவிடம் வாசித்துக் காட்டினேன். 14 மாத்திரைக் கணக்கைக் கேட்டதும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரே வாயடைத்துப் போனார். மாத்திரைகளையும் பொடிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் சென்றோம். அழுத்த மாத்திரையில் சிறுநீர் பெருக்கும் மருந்து சேர்ந்திருப்பதைக் கண்டு வேறொன்றுக்கு மாற்றினார். மஞ்சள் கேப்சூலை நிறுத்தச் சொன்னார். சிறுநீரகச் சோதனையும் எழுதினார். விதை மூட்டைகளைப் பூட்டுள்ள அறைக்கு மாற்றிவிட்டோம்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அப்பாரு தினமும் காலையில் ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். பூப்பொங்கலுக்குக் கொய்யும் அதே பூ. அதையும் விட வேண்டுமா என்று என்மேல் கோபமாக இருக்கிறார். கடையில் வாங்கிய பொடி ஒன்றும் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று எங்கே பார்ப்பது?


சித்த மருத்துவர் (பவானி)

ஆவாரம்பூவை விட வேண்டாம் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்துங்கள். காப்புக்கட்டுக்குக் கட்டும் பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரை ஆகிய மூன்றில் உணவுபோல எளிதாகக் கொள்ளத்தக்கது அதுவே. சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்கள் மட்டும் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு குடிக்க வேண்டும்; அப்பாருவுக்கு அந்த நோய் இல்லை என்று தோன்றுகிறது. பொடியாக வாங்காமல் வேலியோரத்துச் செடியில் பூவாகவே பறித்து, நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலை ஒட்டிய வேலி ஆகாது. தினமும் ஒரு குவளைக்கு மேல் வேண்டாம்.

கடைப் பொடியில் எந்தச் செடி இருக்கிறது என்பதை வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க என்னாலும் முடியாது. உரிம எண், தயாரித்த நாள், மூலப்பொருள் பட்டியல் ஆகிய மூன்றும் மேலுறையில் இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். முழுச் செடியாக இருந்தால், பூவும் காயும் இலையும் சேர்ந்த கிளையாக நறுக்கி, செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காய வைத்து, கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையத்துக்குக் கொண்டு போகலாம். கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆய்வுச் செடிகளை உறுதிப்படுத்திக்கொள்வது அங்கேதான். பறித்த இடம், நாள், பூவின் நிறம் ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கிளையோடு வையுங்கள். காய்ந்த பிறகு நிறம் தெரியாது.